கைப்பிடிக்குக் கீழே செப்புக்காசு

காசிமேட்டில் என் போட்டுகளுக்கு இட்லி குண்டான் என்று பேர் வைத்திருந்தார்கள். அலுமினியத் தகட்டில் செய்த பதினாலடிப் போட்டு, பின்னால் ஒரு சின்ன என்ஜின். அந்த என்ஜினின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து உட்கார்ந்தபடியே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி ஓட்டலாம், அவ்வளவுதான் போட்டு. ஃபைபர் போட்டுக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே இளக்காரம். "இன்னாமே சில்வியா, இட்லி வெந்துச்சா?" என்று நான் போகும்போதும் வரும்போதும் குரல் கொடுப்பார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு போகிற பொம்பளை இல்லை. "வெந்துச்சு, சூடா உன் மூஞ்சில கொட்டட்டா?" என்பேன். மூன்று வருஷத்தில் பதினோரு இட்லி குண்டான் விற்றேன். கிண்டல் செய்தவர்களில் இரண்டு பேர் பிறகு என்னிடமே வந்து விலை கேட்டார்கள். அன்றைக்கு ராயபுரம் முழுக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இந்தப் பெருமை எனக்கு எவ்வளவு ருசித்தது என்று தெரிந்தால்தான் நான் அப்புறம் செய்தது உங்களுக்குப் புரியும்.

போட்டுகளைச் செய்தவர் மாதவரத்தில் பட்டறை வைத்திருக்கும் வேதமாணிக்கம். பால் வண்டிகளுக்கு டேங்க் கட்டிக்கொண்டிருந்தவர். அலுமினியத்தை அவரைப் போல் வெல்டிங் செய்ய இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவர் கட்டுவார், நான் விற்பேன். எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டு வலை போடுகிறவனுக்கும், கரையை ஒட்டித் தொழில் பார்க்கிறவனுக்கும் இது தோதான போட்டு. இரண்டு பேர் தூக்கிக் கரையில் வைத்துவிடலாம். அனல் மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டினால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும்.

போட்டைக் கைமாற்றிவிடும் நாளில் நான் ஒரு காரியம் செய்வேன். கைப்பிடி பிடிக்கிறவன் கால் வைக்கும் இடத்தில் மிதிபலகையைத் தூக்கி, அடித்தகட்டின் மேல் ஒரு பழைய செப்புக்காசை வைத்து, அது நகராமல் ஓரத்தில் பசை பூசி, பலகையை மூடித் திருகிவிடுவேன். என் அப்பா மரப் படகு வாங்கியபோது இப்படித்தான் வைத்தார். ஓட்டுகிறவன் காலடியில் காசு கிடந்தால் கடல் அவனைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. வண்ணாரப்பேட்டை பழைய சாமான் கடையில் வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளை எடைக்கு வாங்கி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். காசை வைத்துவிட்டு, வாங்குகிறவன் பெண்டாட்டியையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, "இத்த யாரும் தொடக்கூடாது. எவனாவது நோண்டி எடுத்தான், போட்டு உங்களாண்ட தங்காது, சொல்லிட்டேன்" என்பேன். இது அப்பா சொன்னதில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. வியாபாரம் என்றால் நாலு வார்த்தை கூடத்தான் வரும். வாங்குகிறவர்கள் கண்ணில் ஒரு பயமும் மரியாதையும் வருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காஜா மொய்தீன் வந்தான். தண்டையார்பேட்டையில் வலைக் கடை வைத்திருப்பவன், என்னிடம் முதன்முதலில் போட்டு வாங்கியவனும் அவன்தான். அந்தப் போட்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து என் ஷெட் வாசலில் இறக்கினான்.

"யக்கா, ஒயுகுது."

"எங்க இட்சே?"

"எங்கயும் இடிக்கல. ரெண்டு வாரமா தண்ணி ஊறிகினே கீது. எங்கேர்ந்து வர்துன்னு தெர்ல. பேஜாரா கீதுக்கா."

கவிழ்த்துப் பார்த்தேன். பின்பக்கத்தில், கைப்பிடிக்கு நேர் கீழே, அடித்தகட்டில் குண்டூசி நுழைகிற மாதிரி ஏழெட்டுத் துளை. வெல்டிங் கோளாறாக இருக்கும், சரிபண்ணித் தருகிறேன் என்று காஜாவை அனுப்பிவிட்டு, நிமிர்த்திப் போட்டு மிதிபலகையைக் கழற்றினேன். காசு இருந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. காசை நெம்பினேன். காசோடு தகடும் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது. அந்த ஓட்டை வழியாக என் ஷெட்டின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

மறுநாள் அந்தக் காசையும் நொறுங்கின தகட்டையும் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு மாதவரம் போனேன். வேதமாணிக்கம் பேப்பரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? மொத போட்டு குடுக்கும்போதே உன்னாண்ட படிச்சு படிச்சு சொன்னேனே. செம்பு, பித்தளை எதுவும் மேல படக்கூடாது, போல்ட்டு கூட ஸ்டீல்தான் போடணும்னு. உப்புத்தண்ணி நின்னுச்சுன்னா செம்பு அலுமினியத்த தின்னுடும்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னார். நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலையைக்கூட ஆட்டினேன். ஆனால் செம்பு என்றால் எனக்குக் கம்பி, குழாய், சாமான். காசைச் செம்பென்று நான் நினைக்கவே இல்லை. அது காசு. சாமி காரியம். அதை அலுமினியம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எவளாவது யோசிப்பாளா?

"எத்தினி போட்டுல வெச்சே?"

"எல்லாத்துலயும்."

அவர் பேப்பரை மறுபடி மடித்து என் கையில் திணித்தார். பிறகு, "இன்னிக்கே எல்லாருக்கும் போன் போடு. இருக்குற போட்டெல்லாம் கரையில ஏத்தச் சொல்லு. பின்பக்கம் கால் வெக்கிற எடம்மா அது. பாதி தின்னிருந்தாலும் போதும், ஒரு அலையில தட்டுனா வாயத் தொறந்துடும். ஆள் செத்துருவான்" என்றார்.

சரி என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். யாருக்கும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். போட்டிருந்தால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் காசிமேடு முழுக்கத் தெரிந்திருக்கும். இட்லி குண்டான் ஓட்டை விழுந்திருச்சு, சில்வியா தன் கையாலேயே ஓட்டை போட்டு வித்திருக்கா என்று சிரித்திருப்பார்கள். ஷெட்டில் ஒரு போட்டு விற்காமல் நின்றது. அதற்கு ஆள் வேறு வருவதாக இருந்தது. எனக்கு அவமானம் பயமாக இருந்தது. ஆள் செத்துருவான் என்று அவர் சொன்னது காதில் விழுந்தும், அவமானம்தான் பெரிதாகத் தெரிந்தது. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதனால் ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொன்னேன். அவ்வப்போது காசை மாற்ற வேண்டும், பழைய காசின் சக்தி போய்விடும், நானே வந்து இலவசமாக மாற்றிக் கொடுக்கிறேன் என்று வீடு வீடாகப் போனேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் திருவொற்றியூர், தாழங்குப்பம், எண்ணூர் என்று அலைந்தேன். காசை எடுத்து, அரித்த இடத்தைச் சுரண்டி, உள்ளே ஒரு அலுமினியத் துண்டை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளில் சுற்றின புதுக் காசை வைத்தேன். ஒன்பது போட்டு முடிந்தது. இரண்டில் தகடு பேப்பர் மாதிரி ஆகியிருந்தது. அவற்றை மட்டும், வெல்டிங்கில் கோளாறு, மாதவரம் போய் வந்த பிறகுதான் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று சொல்லிக் கரையேற்ற வைத்தேன். எல்லாரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். போட்டை விற்றுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காத ஆட்கள் மத்தியில் நீ தெய்வம் என்று ஒருத்தன் சொன்னான். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மிச்சம் இருந்தது ஜேக்கப் போட்டு ஒன்றுதான்.

ஜேக்கப் எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டி இருந்தான். தனியாக நண்டுக்குப் போகிறவன். பெண்டாட்டி ஐரீன், இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை அவனைப் பார்க்கக் கிளம்பும்போது வெற்றி என்று ஒருவன் வந்துவிட்டான். அத்திப்பட்டுப் பையன். அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை போய், ஆற்றில் மீன் பிடிக்கலாம் என்று போட்டுத் தேடியவன். ஷெட்டில் இருந்த கடைசிப் போட்டுக்கு அவன்தான் ஆள். புதுசாகப் பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ரெண்டு வருஷம் ஓடின போட்டு ஒண்ணைக் காட்டுங்க, பார்த்துட்டு முடிவு பண்றேன் என்றான். விவரமானவன். ஜேக்கப்பை விட என் போட்டைப் புகழ்ந்து பேச ஆள் கிடையாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜேக்கப் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"வா சில்விக்கா! இவுரு யாரு, புது பார்ட்டியா?" என்று வெற்றியைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான். "கண்ண மூடிகினு வாங்கு தம்பி. போன வருசம் பொயல்ல முகத்துவாரத்தாண்ட மாட்டிகினேன். ஃபைபர் போட்டு ரெண்டு ஒடஞ்சு போச்சு. இது ஒரு கீறல் இல்லாம கரைக்கு வந்துச்சு. போட்டு மட்டும் இல்ல, அக்கா காலடில ஒரு காசு வெச்சுக் குடுக்கும். அத்த கேட்டு வாங்கிக்கோ. அந்தக் காசுதான் என்னை வூட்டுக்கு இட்டாந்துச்சு."

"ஜேக்கப், அந்தக் காசு விசயமாத்தான் வந்தேன். மாத்தணும். வருசம் ஆச்சுல்ல" என்றேன்.

அவன் முகம் மாறியது. "இன்னாக்கா சொல்றே? நீதான தொடக்கூடாதுன்னே?"

"நான் வெச்சது, நான் எடுக்கலாம்."

குடிசை வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்த ஐரீன் அங்கிருந்தே கத்தினாள். "குடுக்காத! அக்கா, கோச்சுக்காத, மத்தவங்க காசு வேற, எங்க காசு வேற. அது இவர காப்பாத்துன காசு. அத்த எடுக்க வுட மாட்டேன்."

ஜேக்கப் பெண்டாட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "அக்கா சொல்லுதே ஐரீனு…" என்று இழுத்தான். அவள் எழுந்தே வந்துவிட்டாள். கையில் நண்டுத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டின் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். காசு தகட்டைத் தின்கிறது, உன் காலுக்குக் கீழே ஓட்டை விழப்போகிறது. அவ்வளவுதான். சொல்லியிருந்தால் ஐரீனே பலகையைப் பிய்த்து எறிந்திருப்பாள். ஆனால் வெற்றி என் தோளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி, வுடு. அப்பறம் பாத்துக்கலாம்" என்று சிரித்தேன்.

கிளம்பும்போது ஜேக்கப்பைத் தனியாகக் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். வெற்றி பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஜேக்கப் பூசைக்குப் போவான், தொழிலுக்குப் போகமாட்டான், இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். வெற்றியின் காரியம் முடிந்ததும் நாளைச் சாயங்காலம் தனியாக வந்து உண்மையைச் சொல்லிவிடலாம். பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றி குடும்பத்தோடு வந்தான். பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் நல்ல நேரம் பார்த்து மூன்று மணிக்கு வந்தான். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். "யக்கா, காசு?" என்று கேட்டான். பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, பசையில் முழுக்கப் புதைத்து, தகட்டில் ஒரு பொட்டுகூடப் படாமல் காசை வைத்தேன். அவன் போட்டுக்கு எப்படி வைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. வண்டியில் ஏற்றி அனுப்பும்போது மணி ஏழு. உடம்பெல்லாம் வலி. ஜேக்கப்புக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஐரீன் நம்பர் என்னிடம் இருந்தது. போடலாம் என்று எடுத்துவிட்டு, பொம்பளையிடம் போனில் சொன்னால் பயந்துவிடுவாள், விடிகாலையில் நேரில் போய்விடலாம் என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை விடிகாலை ஆட்டோ பிடித்துப் போனேன். கழிமுகக் கரையில் இறங்கும்போது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. ஜேக்கப் போட்டு கிடக்கும் இடத்தில் போட்டு இல்லை. ஈரமணலில் அது இழுபட்ட தடம் மட்டும் தண்ணீர் வரைக்கும் போயிருந்தது.

"ஜேக்கப்பா? நாலு மணிக்கே பூட்டானே" என்றார் வலை மடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"யாராவது போய்க் கூட்டியாங்க. போட்டு ஓட்டை. அவனக் கூட்டியாங்க" என்றேன். அப்போது எந்தக் கூச்சமும் இல்லாமல் வாயில் வந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் குரலைக் கேட்டுத்தானோ என்னவோ, இரண்டு பேர் ஃபைபர் போட்டைத் தள்ளினார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே நின்றேன். வேறு ஜெபம் எதுவும் வரவில்லை.

எட்டு மணிக்கு அவர்கள் திரும்பினார்கள். பின்னால் கயிற்றில் என் போட்டு கவிழ்ந்தபடி வந்தது. முகத்துவாரத்து மணல்திட்டில், அலை மடங்குகிற இடத்தில் கிடந்ததாம். உயிர்க்காப்புச் சட்டை போட்டுக்குள்ளேயே கட்டின கட்டு அவிழாமல் இருந்தது. ஜேக்கப்பைக் காணோம். அடித்தகட்டின் பின்பக்கத்தில் இருந்த ஓட்டையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். முகத்துவாரத்தில் இடிந்து கிடக்கும் பழைய பாலத்துக் கம்பி ஏதாவது குத்தியிருக்கும் என்றார் ஒருத்தர். ஆமாம், கம்பிதான் என்றார்கள் மற்றவர்கள். நான் கரையிலே கத்தினதை யாரும் எதோடும் சேர்த்து யோசிக்கவில்லை. பொம்பளை ஏதோ மனசில் பட்டுக் கத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஓட்டை வட்டமாக, ஒரு காசு அளவுக்கு இருந்தது.

புதன்கிழமை காட்டுப்பள்ளிக் கரையில் உடம்பு ஒதுங்கியது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஐரீனைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். அதில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "இந்தம்மா காச மாத்தணும்னு தேடிகினு வந்துச்சு. இவதான் வுடல. குறுக்க நின்னு புருசன வாரிக் குடுத்துட்டா."

உள்ளே ஐரீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "யக்கா, அவரு குடுக்கலாம்னுதான் பாத்தாரு. நான்தான் குறுக்க நின்னேன். நீ நல்லதுக்கு வந்தே. என் வாயாலயே அவர கொன்னுட்டேன்க்கா" என்றாள். அழுது அழுது குரலே இல்லை.

அவள் கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அப்படியே விட்டிருந்தால் என் பேர் என்றைக்கும் வெளியே வந்திருக்காது. ஊர் எனக்கு மரியாதையைத்தான் வைத்திருந்தது. ஆனால் அந்தப் பெண் ஆயுசு முழுக்க இதைச் சுமப்பாள் என்று பார்த்தபோது என்னால் முடியவில்லை. கதவைச் சாத்தினேன். அவள் எதிரே உட்கார்ந்து, காசு, செம்பு, மாதவரம், வேதமாணிக்கம் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் என் கையை விட்டாள்.

"அன்னிக்கி தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அந்தப் பையன் பக்கத்துல நின்னான்."

"வாங்கிட்டானா?"

"வாங்கிட்டான்."

ஐரீன் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் கதவைப் பார்த்தாள். வெளியே பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையில் இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தன.

"இத்த வேற யாராண்டயாவது சொன்னியா?"

"இல்ல. இப்ப வெளிய போய் எல்லாரு முன்னாலயும் சொல்றேன். உன் மேல தப்பு இல்லன்னு சொல்றேன்."

"சொல்லாத."

எனக்குப் புரியவில்லை.

"கம்பி குத்துச்சுன்னே இருக்கட்டும். என்னால போனாருன்னே சொல்லிகினு இருக்கட்டும்" என்றாள். குரல் இப்போது ஆடவில்லை. "காசு தின்னுச்சு, தகடே அரிச்சு கீதுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? அந்தப் போட்டையும் இஞ்சினையும் தவிர இந்த வூட்ல இன்னா கீது? ஓட்டைய அடைச்சு நீயே வித்துக் குடு. நீதான் நல்லா விப்பியே."

சரி என்றேன்.